இரண்டு இதழ் வால்வு இருந்தால் மகாதமனி ஏன் விரிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்கோ ரிப்போர்ட்டின் கடைசியில் இரண்டு வரி இருக்கும். முதல் வரி 'பைகஸ்பிட் அயோர்ட்டிக் வால்வ்', அதாவது மகாதமனியின் வாசலில் இரண்டு இதழ் வால்வு. அடுத்த வரி 'டைலேட்டட் அசெண்டிங் அயோர்ட்டா', அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி, மேலே ஏறும் பகுதியில் விரிந்திருக்கிறது. வால்வைப் பற்றி யாராவது படம் போட்டு விளக்கியிருப்பார்கள். இரண்டாவது வரிக்கு வரும்போது வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள், "அதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். இதய மருத்துவராக நானும் அப்படி அவசரமாக அனுப்பியிருக்கிறேன். அந்த இரண்டாவது வரிக்காகத்தான் இந்தப் பக்கம். கேள்விகள் எல்லாம் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை.

பள்ளிக்கூடத்தில் 'ஈரிதழ் வால்வு' என்று படித்தோமே, அது எல்லோருக்கும் இருப்பதுதானே?

அது வேறு வால்வு. பாடநூலில் வரும் ஈரிதழ் வால்வு, இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு. அதற்கு இரண்டு இதழ் இருப்பதுதான் இயல்பு. இங்கே பேசுவது, இடது கீழறையிலிருந்து ரத்தம் உடம்புக்குப் புறப்படும் வாசலில் உள்ள வால்வை. பாடநூல் அதை அரைச்சந்திர வால்வு என்று சொல்லும். அதற்கு மூன்று இதழ் இருக்க வேண்டும், சிலருக்குப் பிறவியிலேயே இரண்டுதான். ரிப்போர்ட்டை இணையத்தில் தேடி, 'ஈரிதழ் வால்வு எல்லோருக்கும் உண்டு' என்று படித்து நிம்மதியாகி, நாலு வருடம் திரும்பி வராமலே இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது?

நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு. பிறவி இதயக் குறைகளில் இதுதான் மிக அதிகம். ஆண்களுக்கு, பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. பெரும்பாலோருக்கு உள்ளே மூன்று இதழ்தான் உருவாகத் தொடங்கியிருக்கும். கருவில் அவற்றில் இரண்டு பிரியாமல் ஒட்டியே நின்றுவிடும், தைத்த இடம்போல நடுவில் ஒரு தழும்புக் கோடு தெரியும். பத்தில் ஏழு பேருக்கு ஒட்டியிருப்பது வலது, இடது இதழ்கள். எந்த இரண்டு ஒட்டியிருக்கின்றன என்பது பின்னால் முக்கியமாகும்.

இது புது வியாதி இல்லை. 500 ஆண்டுக்கு முன் லியோனார்டோ டா வின்சி வரைந்த இதயப் படங்களிலேயே இரண்டு இதழ் வால்வு இருக்கிறது. மகாதமனி கிழிவதற்கும் இந்த வால்வுக்கும் உள்ள தொடர்பை 1920-களில் எடுத்துக்காட்டியவர் கனடா நாட்டு மருத்துவர் மாட் அபட்.

என் ரிப்போர்ட்டில் 42 மி.மீ. என்று இருக்கிறது. அது பெரியதா?

வளர்ந்தவர்களுக்கு மகாதமனியின் ஏறு பகுதி பொதுவாக 30 முதல் 35 மி.மீ. அகலம் இருக்கும், ஆளின் உயரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். 40-ஐத் தாண்டினால் விரிந்திருக்கிறது என்று எழுதுவோம். 42 என்பது கவனிக்க வேண்டிய அளவு, பதற வேண்டிய அளவு இல்லை. இரண்டு இதழ் வால்வு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஓர் அளவு விரிவு வந்துவிடுகிறது.

சரி, ஏன் விரிகிறது? வால்வில்தானே குறை, குழாய்க்கு என்ன வந்தது?

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. எது முதன்மை என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாக வாதிட்டு வருகிறது. ஒரு பதில், ரத்தம் பாயும் விதம். இன்னொன்று, சுவரே பிறவியில் பலவீனம். இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் பாய்ச்சல். பம்புசெட் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். குழாய் நேராக இருந்தால் தண்ணீர் தொட்டியின் நடுவில் விழும். குழாயைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் தண்ணீர் எதிர்ச்சுவரில் ஒரே இடத்தில் மோதும், அங்கிருந்து சுழன்றுகொண்டே வரும். மூன்று இதழ் வால்வு வட்டமாகத் திறக்கும், ரத்தம் நடுவில் நேராகப் போகும். இரண்டு இதழ் வால்வு மீன்வாய்போல நீள்வாக்கில் திறக்கும், அதுவும் பெரும்பாலும் கோணலாக. அதனால் ரத்தம் ஒருபக்கமாகச் சாய்ந்து பீய்ச்சும், திருகு சுற்றுவதுபோலச் சுழன்று மேலே ஏறும். எக்கோவில் ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரில் இதைப் பார்த்த யாருக்கும் மறக்காது. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தக் கலங்கிய நிறப் பட்டை போய்ச் சுவரில் சாய்ந்து அடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை.

வலது, இடது இதழ்கள் ஒட்டியிருந்தால் அந்தப் பீய்ச்சல் பெரும்பாலும் முன்பக்கமாக வலது சுவரில் மோதுகிறது. வலது இதழும் பின்னிதழும் ஒட்டியிருந்தால் பின்சுவரை நோக்கிப் போகிறது. அவர்களுக்கு விரிவு மேலே வளைவு வரை எட்டுவது சற்று அதிகம். ரத்தம் ஓடும் திசையை முப்பரிமாணத்தில் காட்டும் 4டி எம்.ஆர்.ஐ. வந்த பிறகுதான் இது கண்ணுக்குத் தெரிந்தது.

தொட்டிச் சுவர் அரிப்பதுபோல ரத்தம் சுவரை அரித்துவிடுகிறதா?

இல்லை, இங்கே தொட்டி உவமை நின்றுவிடும். சிமென்ட்டுக்கு உயிர் கிடையாது, மகாதமனிச் சுவருக்கு உண்டு. அதன் உள்வரிசைச் செல்கள் ரத்தம் உரசிப்போகும் விசையை உணரக்கூடியவை. விசை ஓரிடத்தில் விடாமல் அதிகமாக இருந்தால், கீழே உள்ள தசைச் செல்களுக்குச் செய்தி போகும். அவை சுவரின் நார்களைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கத் தொடங்கும். சுவர் தன்னைத் தானே பிரித்துக் கட்டப் பார்க்கிறது, கட்டுவதைவிடப் பிரிப்பது அதிகமாகிவிடுகிறது.

இதற்கு நேரடி ஆதாரம் உண்டு. அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ.யில் எந்த இடத்தில் உரசல் அதிகம் என்று வரைபடம் எடுத்து வைத்துக்கொண்டு, அறுவையில் வெட்டி எடுத்த சுவரை அதே இடங்களில் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பீய்ச்சல் மோதிய இடத்தில் மீள்நார்கள் மெலிந்து, ஒன்றுக்கொன்று விலகிக் கிடந்தன. அதே ஆளின் அதே மகாதமனியில், பீய்ச்சல் படாத பக்கம் அவ்வளவு கெடவில்லை. மரபணு இரண்டு பக்கமும் ஒன்றுதானே. ஆகவே பாய்ச்சலுக்குப் பங்கு இல்லை என்று சொல்லவே முடியாது.

அப்படியானால் சுவர் பிறவியிலேயே பலவீனம் என்பது?

அதற்கும் ஆதாரம் வலுவாகத்தான் இருக்கிறது. வால்வு அடைப்போ கசிவோ இல்லாமல் நன்றாக வேலை செய்யும் சிலருக்கும் மகாதமனி விரிகிறது. சின்னப் பிள்ளைகளிடமே, வருடக்கணக்கில் பீய்ச்சல் அடிக்க நேரம் இல்லாதபோதே, சற்றுப் பெரிதாக இருப்பதைப் பார்க்கிறோம். இந்த வால்வு உள்ளவரின் கூடப்பிறந்தவர்களில் சிலருக்கு வால்வில் மூன்று இதழும் ஒழுங்காக இருக்கும், மகாதமனி மட்டும் பெரிதாக இருக்கும்.

காரணம் கருவில் இருக்கிறது. வால்வின் இதழ்களைச் செதுக்குவதில் பங்கெடுக்கும் செல்களும், ஏறு மகாதமனியின் தசைச் சுவரைக் கட்டும் செல்களும் நெருங்கிய உறவு. கருவின் முதுகுப் பக்கம் நரம்புக் குழாயின் விளிம்பில் பிறந்து நடந்து வரும் செல்கள் ஒரு கூட்டம், இதயம் உருவாகும் இடத்தை ஒட்டிய செல்கள் இன்னொரு கூட்டம். அங்கே ஏற்படும் ஒரு தவறு இரண்டு இடத்திலும் தெரியலாம். விரிவு நெஞ்சின் ஏறு பகுதியிலேயே பெரும்பாலும் நிற்பதும் இதோடு பொருந்துகிறது. கீழே இறங்கும் மகாதமனியின் தசை வேறு குடும்பத்துச் செல்களால் ஆனது.

சுவரின் நடு அடுக்கில் எலாஸ்டின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தசைச் செல்களோடு கட்டிவைக்கும் கயிறுதான் ஃபிப்ரிலின் என்னும் புரதம். இந்த நோயாளிகளின் சுவரில் ஃபிப்ரிலின் குறைவாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கட்டு தளர்ந்தால் செல்கள் விடுபடும், சில மடியும், அவற்றைச் சுற்றி நார்களைக் கரைக்கும் நொதிகள் கூடும்.

மரபணு என்று பார்த்தால், 2005-ல் நாட்ச்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் சில குடும்பங்களில் இந்த வால்வுக்குக் காரணம் என்று தெரியவந்தது. பிறகு ஸ்மாட்6 போன்ற வேறு சிலவும் பட்டியலில் சேர்ந்தன. ஆனாலும் எல்லா நோயாளிகளையும் விளக்கும் ஒற்றை மரபணு கிடையாது. அதனால் எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை எழுதித் தருவதை நான் ஆதரிப்பதில்லை. குடும்பத்தில் இளவயதில் மகாதமனி கிழிந்தவர் இருந்தால் மட்டும் பேச்சு வேறு.

இரண்டில் எது சரி?

இரண்டும் சேர்ந்துதான் என்பது என் முடிவு, ஆளுக்கு ஆள் பங்கு மாறும். இருபது, முப்பது வயது ஆண், வால்வில் கசிவு, விரிவு வால்வை ஒட்டிய வேர்ப் பகுதியில் என்று வந்தால் சுவரின் மீதுதான் என் சந்தேகம் முதலில் போகும், அவரைச் சீக்கிரம் சீக்கிரம் வரச்சொல்வேன். அறுபது வயது, வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகி அடைத்திருக்கிறது, விரிவு வேருக்கு மேலே ஏறு பகுதியில் என்றால் பீய்ச்சலின் பங்கு அதிகம். அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

நான் மாசமாக இருந்தபோது ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? சொந்தத்தில் கல்யாணம் செய்ததாலா?

அம்மாக்கள் இதைக் கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும், பையனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பார்கள். தப்பு எதுவும் நடக்கவில்லை, அம்மா. இதழ்கள் பிரிய வேண்டிய வேலை கருவின் முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்குள் முடிந்துவிடுகிறது, அதில் பாதிக்கு மேல் 'நாள் தள்ளிப்போயிருக்கிறதே' என்று யோசித்துக்கொண்டிருந்த காலம். கிரகணமும் காரணம் இல்லை, தூக்கிய தண்ணீர்க்குடமும் காரணம் இல்லை.

உறவுத் திருமணத்தால் அதிகம் வெளிப்படுபவை, அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேர வேண்டிய நோய்கள். இது குடும்பங்களில் இறங்கும்போது பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும் என்ற விதத்தில் இறங்குகிறது, வந்தவர்கள் எல்லோரிடமும் வெளியே தெரிவதும் இல்லை. யார் பக்கம் என்ற பஞ்சாயத்தை வீட்டில் தொடங்க வேண்டாம்.

பி.பி. இருந்தால்?

காரணங்களில் நம் கைக்கு எட்டுவதில் முக்கியமானது இது. சுவர் தாங்கும் இழுவிசை, உள்ளே உள்ள அழுத்தத்தோடும் குழாயின் ஆரத்தோடும் கூடும், சுவரின் தடிமன் குறைந்தாலும் கூடும். பலூனை ஊதும்போது முதல் ஊதுதான் கஷ்டம், பெரிதான பிறகு லேசாக ஊதினாலும் விரியும். அதே கணக்குதான், ஏற்கெனவே விரிந்த மகாதமனிக்கு 150/95 என்பது சாதாரண ஆளுக்கு இருப்பதைவிடப் பெரிய சுமை. மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், உப்பைக் குறையுங்கள். பீடி, சிகரெட் சுவரின் நார்களை நேரடியாகவே கெடுக்கும்.

இருபது வயதில் பி.பி. அதிகம் என்றால் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மகாதமனி கீழே திரும்பும் இடத்தில் பிறவியிலேயே குறுகியிருக்கலாம், அதன் பெயர் கோஆர்க்டேஷன். அந்தக் குறுகல் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு இதழ் வால்வும் இருக்கிறது. கையில் பி.பி. ஏறியிருக்கும், காலில் குறைந்திருக்கும், தொடை இடுக்கில் நாடி மெலிதாகத் தட்டுப்படும். காலிலும் ஒருமுறை பி.பி. பாருங்கள் என்று நீங்களே கேட்கலாம்.

கொலஸ்ட்ரால், எண்ணெய்ப் பலகாரம்?

அது இதயத்துக்கு ரத்தம் தரும் சின்னக் குழாய்களின் விவகாரம். ஏறு மகாதமனி இந்த வயதில் இந்த விதத்தில் விரிவதற்கு அது காரணமில்லை. 'ஆஞ்சியோகிராம் நார்மல், அதனால் மகாதமனியும் நார்மல்' என்று முடிவுகட்டவும் கூடாது.

வால்வை மாற்றிவிட்டால் விரிவது நின்றுவிடுமா?

கோணல் பீய்ச்சல் நேராகும், பலருக்கு விரியும் வேகம் தணியும். ஆனால் சுவர் பழைய சுவர்தான். வால்வு மாற்றிப் பல வருடம் கழித்து மகாதமனிக்காக வந்தவர்கள் உண்டு. அதனால் வால்வு மாற்றும் நேரத்திலேயே மகாதமனி 45 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், நெஞ்சைத் திறந்த கையோடு அதையும் மாற்றிவிடுவதைப் பற்றி யோசிப்பார்கள். வால்வு மாற்றியவர்கள் செயற்கை வால்வுக்கு மட்டும் எக்கோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், குழாயையும் அளக்கச் சொல்லுங்கள்.

போன வருடம் 41, இப்போது 43, வேறு இடத்தில் 40. எதை நம்புவது?

எக்கோவில் ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தாலே ஒன்றிரண்டு மி.மீ. மாறும். அளந்த இடம், இதயம் சுருங்கிய நேரமா விரிந்த நேரமா, சுவரைச் சேர்த்து அளந்தார்களா என்று பல காரணம். பெரும்பாலோருக்கு உண்மையான வளர்ச்சி ஆண்டுக்கு ஒரு மி.மீ.க்கும் குறைவு. ஆகவே இரண்டு மி.மீ. கூடிவிட்டது என்று தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஏறியதாகத் தெரிந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதிசெய்ய வேண்டும். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், சி.டி. பதிந்த தகட்டையும்தான்.

அறுவை எந்த அளவில்?

55 மி.மீ. ஆகிவிட்டால் அறுவை வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வேகமாக வளர்கிறது, குடும்பத்தில் கிழிசல் நடந்திருக்கிறது, கோஆர்க்டேஷன் இருக்கிறது என்ற மாதிரி ஆபத்துகள் இருந்தால் 50-லேயே செய்வார்கள்.

உயரத்தைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு, குள்ளமானவர்கள், முக்கியமாகப் பெண்கள், இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழாயின் குறுக்குப் பரப்பைச் சதுர செ.மீ.யில் எடுத்து, உயரத்தை மீட்டரில் வைத்து வகுக்க வேண்டும். விடை 10 அல்லது அதற்கு மேல் என்றால் அறுவையை யோசிக்கலாம் என்று 2022-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. 45 மி.மீ. குழாயின் பரப்பு சுமார் 15.9. ஆறடியை ஒட்டிய 180 செ.மீ. ஆணுக்கு விடை 8.8. 150 செ.மீ. பெண்ணுக்கு 10.6. ரிப்போர்ட்டில் எண் ஒன்றேதான், சுமை ஒன்றில்லை. டர்னர் நோய்க்குறி (எக்ஸ் குரோமோசோம் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத பிறவி நிலை) உள்ள குள்ளமான பெண்களுக்கு இந்த வால்வு சகஜம், அவர்களுக்கு இன்னும் சிறிய அளவிலேயே எச்சரிக்கை வேண்டும்.

எப்போது வேண்டுமானாலும் வெடித்துவிடுமா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் கவுண்டியில் இந்த வால்வு உள்ள 416 பேரைச் சராசரியாக 16 வருடம் தொடர்ந்து பார்த்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். மகாதமனி கிழிந்தது இரண்டே பேருக்கு. பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆபத்து எட்டு மடங்கு, ஆனால் எண்ணிக்கையாகப் பார்த்தால் மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்தே மனத்தில் வையுங்கள்.

விரிவுக்கு வலி இருக்காது. கிழிந்தால் இருக்கும், நெஞ்சிலோ முதுகிலோ நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, சிலர் 'துணியைக் கிழித்த மாதிரி' என்பார்கள். அதைக் கேஸ் என்று ஓம வாட்டர் குடித்துப் பார்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். போய் இறங்கியதும் முதல் வாக்கியமாக 'எனக்கு மகாதமனி விரிவு இருக்கிறது' என்று சொல்லுங்கள். மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால், கிழிசலில் அது உயிருக்கே ஆபத்து. ஃபைலின் முதல் அட்டையில் பெரிய எழுத்தில் இதை எழுதி ஒட்டிக்கொள்ளச் சொல்வேன்.

தவிர்க்க வேண்டிய மாத்திரை உண்டா?

உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக். மகாதமனி விரிவு உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கும்போது இவற்றைத் தரக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கும் நீர்க்கடுப்புக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்ட உடனே கிடைப்பவை இவைதான். சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், எழுதும் டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். விரிந்ததைச் சுருக்கும் மாத்திரை இன்றைக்குக் கிடையாது, சுருக்கும் லேகியமும் கிடையாது.

ஜிம், யோகா, பிரசவம்?

நடை, சைக்கிள், நீச்சல் நல்லது. மூச்சை அடக்கிக்கொண்டு கனம் தூக்கும் நேரத்தில் பி.பி. எங்கேயோ போய்விடும், விரிவு இருந்தால் அது வேண்டாம். பிராணாயாமத்தில் மூச்சை உள்ளே வெகுநேரம் நிறுத்தும் கும்பகமும், மலச்சிக்கலில் முக்குவதும் இதே கணக்குதான். அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கர் இந்த வால்வோடு பிறந்தவர்தானே என்று பையன்கள் கேட்பார்கள். ஆமாம், 1997-ல் வால்வுக்காக நெஞ்சைத் திறந்து அறுவை செய்துகொண்டார். அவர் தூக்கினார் என்பது உங்கள் 44 மி.மீ.க்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே அளவு தெரிய வேண்டும். 50-ஐத் தாண்டியிருந்தால் முதலில் அறுவை, பிறகு குழந்தை. 45-க்கும் 50-க்கும் நடுவில் என்றால் இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

வீட்டில் மற்றவர்களும் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள். இவர்களில் பத்தில் ஒருவருக்கு இதே வால்வு இருக்கலாம். ஒரு முறை, அண்ணனுக்குத் துணையாக வந்து, ஃபைல் இருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார் தம்பி. "வந்ததே வந்தீர்கள், நீங்களும் ஒரு நிமிடம் படுங்கள் தம்பி" என்றேன். மூன்று இதழ்களும் அழகாகத் திறந்து மூடின. எக்கோ கருவியின் ப்ரோபை ஒரு விலா இடைவெளி மேலே நகர்த்தினேன், மகாதமனி 43 மி.மீ. அண்ணனுக்கு 41.

வீட்டார் எக்கோவுக்குப் போகும்போது, 'வால்வில் எத்தனை இதழ் என்று பாருங்கள்' என்பதோடு நிறுத்தாமல், 'மகாதமனியை வளையம், வேர், வேர் முடியும் இடுக்கு, ஏறு பகுதி என்று நாலு இடத்திலும் அளந்து எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்குங்கள்.